எந்த நேரத்தைக் கேட்டது அந்த வரி?

பழைய பைத்தான் நிரலைப் புதிய கணினிக்கு மாற்றுகிறவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் பிழைச் செய்தி ஒன்று உண்டு: டைம் மாட்யூலில் கிளாக் என்று எதுவும் இல்லை. அதைக் கொண்டுவந்து காட்டி, "இதுக்குப் பதிலா என்ன போடணும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த வரி எந்த நேரத்தைக் கேட்டது? வீம்புக்குக் கேட்பதாக நினைத்துவிடக் கூடாது. அதற்கு விடை தெரியாமல் எதைப் போட்டாலும் நிரல் ஓடிவிடும், ஓடிக்கொண்டே தப்பான எண்ணைக் காட்டும். பிழைச் செய்தி காட்டி நின்றுபோகும் நிரலை நான் நம்புவேன். இப்படி ஓடுகிற நிரலைக் கண்டால்தான் பயம்.

பாபநாசத்தைச் சுற்றிக் குடமுருட்டியும் திருமலைராசனும் பாயும் வயல்களில் விளைகிற நெல்லில் ஒரு பங்கு இந்த வட்டாரத்து ஆலைகளிலேயே புழுங்கல் அரிசியாகிறது. ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் 3000 கலம் கொள்ளும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது. நெல்லுக்குக் கணக்கு வைப்பது இந்த மண்ணில் புது வேலை இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் நிரலும் அப்படி ஒரு கணக்குப்பிள்ளைதான். ஓர் ஆலையின் ஊறல் தொட்டிகளில் நெல் எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் கிடந்தது என்று குறித்துவைத்து, நேரம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

சின்ன வேலைதான், ஆனால் பிசகினால் விலை கொடுக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒரு நாளுக்கு மேல் ஊறப்போடும் பழைய முறையில் அரை மணி முன்னே பின்னே ஆனால் பெரிதாகத் தெரியாது. 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் 3, 4 மணி நேரத்தில் முடிக்கிற சூட்டு ஊறலில் தெரியும். நேரம் குறைந்தால் அரிசியின் நடுவில் வெள்ளை வயிறு தங்கிவிடும், அரவையில் நொய் கூடும். மிஞ்சினால் உமி வாய் பிளந்து அரிசியின் நிறம் மங்கும். தஞ்சாவூரில் இன்று நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் மத்திய நிறுவனம், 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையோடு சேர்ந்த சிறு ஆய்வகமாகத் தொடங்கியது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்துவதைத் தனி ஆய்வாக எடுத்துச் செய்ய வேண்டிய அளவுக்கு இதில் நுணுக்கம் இருக்கிறது.

அந்த நிரல் பல வருஷம் ஒரு விண்டோஸ் கணினியில் ஓடியது. தொட்டியில் வெந்நீர் ஏறியதும் டைம்.கிளாக் என்ன சொல்கிறது என்று ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு நிமிஷத்துக்கு ஒருமுறை மறுபடி வாங்கி, இதில் அதைக் கழித்தால் ஊறிய நேரம். அங்கே அது சரியாகவே வேலை செய்தது. கணினி பழுதானதும் அதன் இடத்தில் ஒரு ராஸ்ப்பெரி பை பலகையை வைத்தார்கள். அதில் இருந்த பைத்தானில் கிளாக் இல்லை. யாரோ ஆவணத்தைப் பார்த்து, அது பரிந்துரைக்கும் இரண்டில் ஒன்றான டைம்.பிராசஸ்_டைம் என்பதைப் போட்டிருந்தார்கள். பிழைச் செய்தி போய்விட்டது. என்னைக் கூப்பிட்ட தொட்டிக்காரர் சொன்னது: "தம்பி, மூணு மணி நேரமா ஊறுது. இது என்னமோ நாலு செகண்டுங்குது."

"நாலு செகண்டும் பொய்யில்லண்ணே, அது வேற எதையோ எண்ணுது" என்றேன். அந்த எண் உண்மையிலேயே சரியானதுதான். பிராசஸ்_டைம் எண்ணுவது, இந்த நிரலுக்காகச் செயலி உழைத்த நேரத்தை மட்டும். நம் நிரலோ உணரியைப் படித்துவிட்டு மீதி நிமிஷம் முழுக்கத் தூங்குகிறது. கூலிக்கு வந்த ஆள் மண்வெட்டி பிடித்த நேரத்தை மட்டும் எண்ணி, வரப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தை விட்டுவிடுவது போன்ற கணக்கு அது. மூன்று மணி நேரத்தில் செயலி அசைந்தது மொத்தமே நான்கு விநாடி.

இந்தக் குழப்பத்துக்கு வேர் பைத்தானுக்கும் முந்தையது. சி மொழியின் கிளாக் என்பது செயலி உழைத்த நேரத்தைத் தர வேண்டும் என்பது அந்த மொழியின் தரநிலை. யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் அப்படியே தந்தன. மைக்ரோசாஃப்டின் சி நூலகம் மட்டும், நிரல் தொடங்கியதிலிருந்து கடந்துபோன நேரத்தைத் தந்தது. பைத்தானின் டைம்.கிளாக் இரண்டு பக்கத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டது: லினக்ஸில் உழைத்த நேரம், விண்டோஸில் முதல் அழைப்பிலிருந்து கடந்த நேரம். ஒரே பெயருக்குள் இரண்டு வேறு அளவைகள். போதாததற்கு, 32 பிட் லினக்ஸில் அடியில் இருக்கும் சி கிளாக்கின் எண் சுமார் 72 நிமிஷத்தில் நிரம்பி, சுற்றிக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இதைச் சரிசெய்ய எழுதப்பட்டதுதான் பெப் 418 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு. விக்டர் ஸ்டின்னரும் அவரோடு மூன்று பேரும் சேர்ந்து எழுதினார்கள். அதன்படி 2012 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.3இல் மூன்று தனிக் கடிகாரங்கள் சேர்ந்தன: மோனோடோனிக், பெர்ஃப்_கவுண்டர், பிராசஸ்_டைம். பழைய கிளாக் வழக்கொழிந்ததாக ஆவணத்தில் குறிக்கப்பட்டது. ஓடும்போதே எச்சரிக்கை காட்டத் தொடங்கியது 2018இல் வந்த 3.7இல்தான். 2019 அக்டோபரில் 3.8 வந்தபோது கிளாக் நீக்கப்பட்டது. ஏழு வருஷ அவகாசம். அப்படியும் பலரால் அதைப் பார்க்க முடியவில்லை, காரணம் இந்த வகை எச்சரிக்கையைப் பைத்தான் பெரும்பாலான இடங்களில் மறைத்தே வைக்கிறது. நாம் நேரடியாக ஓட்டும் கோப்பில் மட்டும் காட்டும், அது கூப்பிடும் நூலகங்களுக்குள் காட்டாது. அதனால் எந்தப் பழைய நிரல் கைக்கு வந்தாலும், டெப்ரிகேஷன் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் பிழையாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளையோடு முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். நிரலின் ரத்தப் பரிசோதனை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

கிளாக் இல்லாமல் தவித்தவர்கள் நடுவே ஒரு குறுக்குவழி வேகமாகப் பரவியது. நிரலின் தலையில் ஒரே ஒரு வரி: டைம்.கிளாக் என்றால் இனி டைம்.டைம் என்று வைத்துக்கொள். இதை நான் மனதார எதிர்க்கிறேன். டைம்.டைம் காட்டுவது சுவர்க் கடிகாரத்தை. அதை யார் வேண்டுமானாலும் திருப்பலாம், இணையத்திலிருந்து நேரம் பெறும் சேவை முன்னும் பின்னும் தள்ளலாம். எல்லாவற்றையும்விட, அந்த ஒரு வரி மூலக் கேள்வியையே மூடி மறைத்துவிடுகிறது. கிளாக்கை எழுதியவர்கள் எல்லாருமே காலத்தை அளக்கத்தான் எழுதினார்கள் என்பதும் இல்லை. பைகிரிப்டோ என்ற பழைய மறையீட்டு நூலகமும் 3.8இல் இதே பிழையோடு நின்றது. அங்கே அந்த அழைப்பு தற்செயல் எண்களுக்கு விதை சேர்க்கும் இடத்தில் இருந்தது, அதாவது எண் கணிக்க முடியாததாக இருந்தால் போதும். ஒரே பெயர், இன்னொரு நோக்கம். படித்துப் பார்க்காமல் மாற்றினால் எது எதற்காக இருந்தது என்று கடைசி வரை தெரியாது.

சுவர்க் கடிகாரம் பின்னால் போகாது என்று நம்பியதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2016 டிசம்பர் கடைசி நாளின் முடிவில், உலக நேரப்படி ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்டது. நமக்கு அப்போது 2017 ஜனவரி 1, விடியற்காலை ஐந்தரை மணி. அந்த நொடியில் கிளவுட்ஃப்ளேரின் சில டிஎன்எஸ் சர்வர்கள் விழுந்தன. கோ மொழியில் எழுதிய அந்த நிரல் பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தது, விடை ஒருபோதும் எதிர்மறையாக வராது என்று வைத்திருந்தது, வந்துவிட்டது. அதே 2017இல் வெளிவந்த கோ 1.9, நேரத்தைக் கேட்கும்போதே பின்வாங்காத ஒரு கடிகாரத்தையும் சேர்த்துத் தரத் தொடங்கியது.

ஊறல் தொட்டியின் வரிக்கு வருகிறேன். அது கேட்டது கடந்துபோன நேரம். செயலி தூங்கினாலும் விழித்தாலும் ஓட வேண்டும், யாரும் திருப்ப முடியாததாக இருக்க வேண்டும். எனவே மோனோடோனிக். பெர்ஃப்_கவுண்டர் போட்டாலும் இந்தப் பலகையில் அதே எண்தான் வரும், ஏனென்றால் லினக்ஸில் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கடிகாரம். அப்படியும் பெயரைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறேன். நாளைக்கு இதைப் படிக்கப்போகிறவர் பெர்ஃப்_கவுண்டர் என்று கண்டால், ஏதோ வேகத்தை அளக்கிறார்கள் என்று நினைப்பார். மோனோடோனிக் என்று கண்டால், காத்திருக்கிற நேரம் என்று புரிந்துகொள்வார். விண்டோஸில் இந்த வேறுபாடு வெறும் பெயரளவிலானதாக இருக்கவில்லை. அங்கே மோனோடோனிக் சுமார் 15 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் நகர்ந்தது, 3.13 பதிப்பில்தான் அதையும் பெர்ஃப்_கவுண்டரின் நுண்மைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இங்கே கரண்ட் போகும். மோனோடோனிக்கின் பூஜ்ஜியம் எங்கே என்று பைத்தான் வாக்குத் தருவதில்லை. லினக்ஸில் நடைமுறையில் அது பலகை உயிர்பெற்ற நேரத்திலிருந்து எண்ணுகிறது. கரண்ட் போய்த் திரும்பினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். பழைய எண்ணைக் கோப்பில் எழுதி வைத்திருந்தாலும் புதிய எண்ணோடு கழிக்க முடியாது. கழித்தால் வருவது குப்பை.

சுவர்க் கடிகாரத்தைக் கேட்கலாம் என்றால், ராஸ்ப்பெரி பையின் ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பலகைகளில் மின்சாரம் போனபிறகும் ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகக் கோப்பில் சேமித்த நேரத்தை எடுத்துக்கொண்டு கண் விழிக்கும். இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். கரண்ட் வந்தும் இணையம் வராத இடைவெளியில் அது சொல்லும் மணி, ஏற்கெனவே கடந்துபோன ஒரு மணி. அந்த இடைவெளி ஆலையில் நிமிஷங்களாகவும் இருக்கும், சில நாள் மணிக்கணக்காகவும் இருக்கும்.

அதனால் பலகையோடு டிஎஸ்3231 என்ற சிறிய கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தேன். வட்ட பேட்டரியில் ஓடும், தன் படிகத்தின் சூட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்பது அதன் பிசகு. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். பிறகு நிரலில், தொட்டி தொடங்கும்போது மூன்றைக் கோப்பில் எழுத வைத்தேன். ஒன்று மோனோடோனிக் எண். இரண்டு அப்போதைய யுடிசி, அதாவது உலக நேரம். மூன்று பூட் ஐடி, அதாவது லினக்ஸ் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் புது அடையாள எண். ஊறிய நேரத்தைக் கணக்கிடும்போது பூட் ஐடி அதுவேதானா என்று முதலில் பார்க்கும். அதுவேதான் என்றால் மோனோடோனிக்கைக் கழிக்கும். மாறியிருந்தால் இடையில் கரண்ட் போயிருக்கிறது; யுடிசியைக் கழிக்கும், திரையில் அந்தத் தொட்டிக்கு நேராக "மின்தடை" என்றும் போடும்.

அந்தச் சொல்லைப் போடுவது எனக்கு முக்கியமாகப்பட்டது. எவ்வளவு நேரம் கடந்தது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் 68 டிகிரியில் இருந்ததா 55க்கு இறங்கிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. உணரியும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. தெரியாததைத் தெரிந்தது போலக் கூட்டிக் காட்ட நிரலுக்கு உரிமை இல்லை. தொட்டிக்காரர் ஒரு பிடி நெல்லை எடுத்து, நகத்தால் உமியைக் கீறி, அரிசியை அழுத்திப் பார்ப்பார். முடிவு அவருடையது.

நிமிஷத்துக்கு ஒருமுறை உணரியைப் படிக்கும் சுற்றும் திருத்தம் கேட்டது. படி, எழுது, அறுபது விநாடி தூங்கு, மறுபடி படி என்று இருந்தது. படிக்கவும் எழுதவும் பிடிக்கிற நேரம் ஒவ்வொரு சுற்றிலும் அறுபதோடு சேர்ந்துகொண்டே போகும். தொட்டிகளில் இருக்கும் வெப்ப உணரி ஒன்றைப் படிக்க முக்கால் விநாடி ஆகும். தொட்டி கூடக் கூட, ஒரு நாள் முடிவில் பதிவுகள் பல நிமிஷம் தள்ளிப்போயிருக்கும். இப்போது, அடுத்து விழிக்க வேண்டிய நேரத்தை மோனோடோனிக்கில் முன்கூட்டியே குறித்துவைத்து, அதற்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அவ்வளவே தூங்குகிறது. சுற்று எவ்வளவு இழுத்தாலும் குறி நகராது.

கடிகாரங்களுக்கு முழு எண்ணில் நானோ விநாடி தரும் உடன்பிறப்புகளும் 3.7இல் வந்தன. ஃப்ளோட் எண்ணில் வைத்தால் 104 நாளுக்கு மேல் ஓடும் கணினியில் நானோ விநாடி நுண்மை கரையத் தொடங்கும் என்பதுதான் காரணம். நல்ல காரணம். ஆனால் நெல் தொட்டிக்கு அது தேவையில்லை. கிடைக்கிறது என்பதற்காகப் போட்டால், இங்கே ஏதோ நானோ விநாடிக்கு அவசியம் இருக்கிறது என்று பின்னால் வருகிறவர் தேடுவார்.

அடுத்தது தேதி. பதிவுக் கோப்பின் ஒவ்வொரு வரியும் டேட்டைம்.யுடிசிநவ் கொண்டு எழுதப்பட்டிருந்தது. அதுவும் 2023இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து வழக்கொழிந்தது. பார்க்கச் சாதுவான ஃபங்ஷன். உலக நேரத்தைச் சரியாகத்தான் தருகிறது, ஆனால் இது உலக நேரம் என்ற அடையாளத்தை ஒட்டாமல் தருகிறது. அடையாளம் இல்லாத நேரத்தைப் பைத்தானின் மற்ற பகுதிகள் உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அதை டைம்ஸ்டாம்ப்பாக மாற்றினால், இந்திய நேரத்தில் ஓடும் கணினியில் விடை சரியாக 19,800 விநாடி குறையும். ஐந்தரை மணி நேரம். காலை பத்தரைக்குத் தொடங்கிய தொட்டி, விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கியதாகக் கணக்காகி, நெல் போட்ட மாத்திரத்தில் ஊறல் முடிந்தது என்று மணி அடிக்கும்.

சர்வர்களில் இந்தப் பிழை தலைகாட்டாமல் இருப்பதுதான் இதைப் பிடிக்க விடாமல் செய்கிறது. பெரும்பாலான சர்வர்கள் யுடிசியிலேயே ஓடுகின்றன, அங்கே உள்ளூர் நேரமும் உலக நேரமும் ஒன்று. குளிர்காலத்தில் லண்டனில் ஒருவர் தன் மேசையில் சோதித்தாலும் தெரியாது. பாபநாசத்தில் ஓட்டினால் முதல் தொட்டியிலேயே தெரியும். நம்முடைய அரை மணிக் கணக்கு இந்த வகையில் ஒரு நல்ல உரைகல். நேரம் கையாளும் எந்த நிரலையும் இந்திய நேரத்தில் சோதிக்காமல் வெளியே விடக் கூடாது என்று, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மாற்று எளிது. டேட்டைம்.நவ் என்பதற்குள் டைம்ஸோன்.யுடிசி கொடுத்தால் நேரமும் அடையாளமும் சேர்ந்தே வரும். கோப்பில் அதையே எழுதுகிறேன். திரையில் காட்டும்போது மட்டும் ஸோன்இன்ஃபோ வழியாக ஆசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றுகிறேன். 3.9இல் ஸோன்இன்ஃபோ வருவதற்கு முன்பு எல்லாரும் பைடிஇசட் என்ற நூலகத்தையே நம்பியிருந்தோம். அதில் ஒரு பொறி உண்டு. அதன் ஆசியா/கொல்கத்தாவை டேட்டைமுக்குள் நேராகச் செருகினால் +5:30 வராது, +5:53 வரும். அது கொல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரம், தரவுத்தளத்தின் முதல் வரியிலிருந்து வருகிறது. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கினால் +5:21 என்று மதராஸ் நேரமும் இருக்கிறது. அதற்கும் கீழேதான் 1906 ஜனவரி 1 முதலான இந்தியத் திட்ட நேரம். நுங்கம்பாக்கம் வானியல் கூடத்தில் 1802இல் கோல்டிங்ஹாம் வரையறுத்து, பின்னர் ரயில்வேக்கள் பின்பற்றிய அந்த நேரம், இன்றைக்கும் உலகின் எண்ணற்ற கணினிகளில் ஒரு வரியாக இருப்பதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் நெல் கணக்கில் இருபத்துமூன்று நிமிஷம் கூடிவிடக் கூடாது.

இவ்வளவையும் மாற்றிய பிறகு சோதிப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் தொட்டியில் நெல் போட்டு நாலு மணி நேரம் காத்திருக்க முடியாது. நிரலின் எந்த மூலையிலும் கடிகாரத்தை நேரடியாகக் கூப்பிடாமல், வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றி எழுதினேன். ஆலையில் ஓடும்போது அசல் மோனோடோனிக்கைக் கொடுப்போம். சோதனையில், நான் சொல்லும் எண்ணைச் சொல்லும் பொய்க் கடிகாரத்தைக் கொடுப்போம். இப்போது நாலு மணி நேர ஊறலை ஒரு நொடிக்குள் நடத்திப் பார்க்கலாம். நடுவில் பூட் ஐடியை மாற்றி மின்தடையை வரவழைக்கலாம், சுவர்க் கடிகாரத்தைப் பின்னால் தள்ளலாம், சில்லின் பேட்டரி தீர்ந்து 2000ஆம் ஆண்டுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு நிரல் இப்போது ஊறிய நேரத்தைக் காட்டவே மறுக்கிறது, மறுக்கத்தான் வேண்டும். வழக்கொழிந்த ஃபங்ஷனை மாற்ற உட்கார்ந்த சாக்கில் கிடைத்த பெரிய லாபம் எனக்கு இதுதான். மாற்ற வேண்டிய அடுத்த தடவை, ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பழைய பதிவுக் கோப்புகள் மிச்சம் இருந்தன. யுடிசிநவ் எழுதிய அடையாளமில்லாத வரிகள், பல பருவங்களுக்கு. அவை எல்லாமே உலக நேரம்தான் என்பது நிரலைப் படித்தாலே உறுதி, எனவே அடையாளத்தைப் பின்னால் ஒட்டுவதில் சிக்கல் இல்லை. மூலக் கோப்புகளைத் தொடாமல், அடையாளம் ஒட்டிய நகலைத் தனியாக எழுதினேன். பலகை வந்த புதிதில், கடிகாரச் சில்லு இல்லாமல், மின்தடைக்குப் பிறகு இணையம் கிடைப்பதற்கு முன் எழுதப்பட்ட வரிகள்தான் சங்கடம். நேரம் பின்னால் போய், பிறகு சட்டென்று முன்னால் தாவும் இடங்களைத் தேடினால் அவை அகப்படுகின்றன. அந்த வரிகளில் உண்மையான மணி என்ன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவற்றைத் திருத்தவில்லை, அழிக்கவும் இல்லை. ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்து, அதில் "நேரம் உறுதியில்லை" என்று எழுதிவைத்திருக்கிறேன்.